இருபத்தேழு அங்குலத்தில் ஒரு புத்தகம்

எந்தக் கண்ணாடிக் கடைக்குப் போனாலும் முதலில் கேட்பது, "கிட்டப் பார்வையா, தூரப் பார்வையா?" என்றுதான். இந்தக் கடையில் அப்படி இல்லை. சோதனை அறையில் இருக்கும் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. உட்கார்ந்தால் ஒரு பக்கம் ஆடிவிட்டுத்தான் நிற்கும். அது ஆடி நிற்பதற்குள் கேள்வி வந்து விழுந்துவிடும்: "இப்ப என்ன படிச்சிட்டிருக்கீங்க?" பதில் சொன்னதும் கண்ணை அளவெடுக்கிறவள் விட்டுவிடுவாளா? அடுத்த கேள்வி, "ஏன்?" அப்படித்தான் அவளுக்கு ஏனக்கா என்று பெயர் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணனே எப்போதாவதுதான் கூப்பிடுவார்.

இதை வெறும் வம்பு என்று நினைத்துவிடக் கூடாது. சரி, கொஞ்சம் வம்புதான். ஆனால் தொழிலும் அதற்குள்தான் இருந்தது. மேஜைமேல் வைத்துப் படிப்பவருக்குக் கண்ணுக்கும் புத்தகத்துக்கும் நடுவே பதினாறு அங்குலம். படுத்துக்கொண்டு மார்பின்மேல் நிறுத்திப் படிப்பவருக்குப் பன்னிரண்டு. ஒருவர் எதைப் படிக்கிறார், ஏன் படிக்கிறார் என்று தெரிந்துவிட்டால், எங்கே வைத்து எப்படிப் படிக்கிறார் என்பது தானாக வெளியே வந்துவிடும். "அளவு பாதிதான் கண்ணுல இருக்கு, மீதி பழக்கத்துல இருக்கு" என்பது அவள் கட்சி.

ரொட்டிக்கடைக்காரி ரேடியோ பழுது பார்க்கும் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். ஏனாம்? "என் வீட்டுக்காரர் தப்பாத்தான் ரிப்பேர் பண்றார்னு நிரூபிக்கணும்." புத்தகம் மாவு டின்னில் சாய்ந்திருக்கும், இரண்டு கையும் மாவில் இருக்கும், ஆகவே இருபது அங்குலம். ஓய்வுபெற்ற தபால்காரர் அகராதியைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் படித்து வந்தார். "முன்னாலேர்ந்து எல்லாரும்தான் படிக்கிறாங்க" என்றார், அதுதான் காரணமாம். தலைமையாசிரியை வருகைப் பதிவேட்டுக்குள் காதல் கதை வைத்துப் படிப்பவர். ஏன் என்று கேட்டதற்கு, "கேட்டா எழுந்து போயிடுவேன்" என்று உட்கார்ந்த இடத்திலேயே சிவந்தார். ஏனக்கா நோட்டில் 'ஏன்: தெரியும்' என்று எழுதிக்கொண்டாள்.

நோட்டு என்றால் சாதாரண நோட்டு இல்லை. பவர், தூரம், என்ன, ஏன் என்று நான்கு கட்டம் போட்டு, இருபத்தொரு வருஷத்தில் பதினோரு நோட்டு. இத்தனை வருஷத்தில் "சரியில்லை" என்று திரும்பி வந்த கண்ணாடிகள் மூன்றே மூன்று. ஒன்றை நாய் கடித்திருந்தது. ஒன்றின்மேல் சொந்தக்காரரே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது ஆள், தன் மச்சானுடைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து சண்டை போட்டுவிட்டு, மச்சான் பின்னாலேயே தேடிக்கொண்டு வந்ததும் அசடு வழியத் திரும்பிப் போனார். ஆக, கணக்குப்படி பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தில் ஏனக்காவுக்கு அப்படி ஒரு கர்வம்.

அந்தக் கர்வத்தில் மண்ணைப் போடவென்றே வந்து சேர்ந்தார் லிஃப்ட் மெக்கானிக்.

ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயது. நீலச் சட்டை, பையில் ஸ்குரூடிரைவர், விரல் நுனியில் கிரீஸ். நாற்காலி ஆடி நின்றது. "இப்ப என்ன படிச்சிட்டிருக்கீங்க?" என்றாள் ஏனக்கா. அந்த மனிதர் பேந்தப் பேந்த விழித்தார். சுவரைப் பார்த்தார். சுவரில் உலக வரைபடம் போட்ட காலண்டர் தொங்கியது.

"உலக சரித்திரம்" என்றார்.

"ஏன்?"

"உலகம்... பெருசா இருக்கு இல்லையா மேடம்?"

ஊரே அக்கா என்று கூப்பிடும்போது இவருக்கு மட்டும் மேடம். தடித்த புத்தகம், ஆகவே மேஜை, ஆகவே பதினாறு அங்குலம் என்று குறித்துக்கொண்டாள். எழுத்து அட்டையைக் காட்டி லென்சை மாற்றி மாற்றிப் பார்த்து முடித்தாள். கடைசியில் தன் வழக்கப்படி, அப்போது தான் படித்துக்கொண்டிருந்த நாவலை நீட்டி, அடையாளச் சீட்டு இருந்த பக்கத்தைப் படிக்கச் சொன்னாள். எழுத்து அட்டையைத் தட்டுத் தடுமாறிப் படித்தவர், நாவலைத் தண்ணீர் பட்ட பாடாக வாசித்தார். ஏனக்காவுக்குப் பரம திருப்தி.

ஒரே வாரத்தில் கண்ணாடி திரும்பி வந்துவிட்டது. "மங்கலா இருக்கு மேடம்."

ஏனக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கேயே உட்கார வைத்துப் பார்த்தாள். பதினாறு அங்குலத்தில் எறும்பு ஊர்ந்தால்கூடச் சொல்லுகிறார். "இங்க தெரியுதே சார்?" என்றாள். "இங்க தெரியுது. படிக்கிற இடத்துல தெரியல" என்றார். சரித்திரம் முடிந்து இப்போது வேறு ஏதாவது படிக்கிறாரா என்று கேட்டாள். மறுபடியும் அந்த முழி. "துப்பறியும் கதை. படுத்துக்கிட்டு" என்றார். ஏன் என்றதற்கு, "திருடன் யாருன்னு தெரிஞ்சுக்க" என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். பன்னிரண்டு அங்குலத்துக்கு இன்னொன்று செய்து கொடுத்தாள். நான்காம் நாளே அதுவும் வந்துவிட்டது. "முன்னதே தேவலை மேடம்" என்று வேறு சொன்னார்.

அன்றைக்கு அண்ணன் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். கையில் பளபளவென்று ஒரு தாள். கண்ணை வைத்தால் தானே அளவு எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர் மெஷின் பற்றிய தாள். கம்பெனிக்காரன் கொடுத்துவிட்டுப் போய் ஆறு மாதம் ஆகிறது. இத்தனை நாள் அதை விசிறியாகத்தான் வைத்திருந்தார்.

"இங்க பாரும்மா. உன் கேள்வியையும் நோட்டையும் இருபத்தொரு வருஷம் பொறுத்துக்கிட்டேன். ஒரே ஆள் ரெண்டு தடவை திருப்பிக் குடுத்தாச்சு. மூணாவது தடவை அவர் கண்ணாடியைத் தூக்கிக்கிட்டு இந்தப் படியேறினா, மெஷின் வருது. நீ கல்லாவுக்கு வந்துடு."

"கல்லாவுல உக்காந்து நான் என்ன கேக்கறது? சில்லறை இருக்கான்னா?"

"ஏன், நல்ல கேள்விதானே?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆடும் நாற்காலிக்கு எதிரே நின்றுதான் அவள் வாழ்க்கையில் பாதியைக் கழித்திருக்கிறாள். கல்யாணம், காட்சி என்று எதுவும் கூடி வரவில்லை. அது போனால் போகட்டும். ஆனால் தினமும் பத்துப் பேர் வந்து உட்கார்ந்து, என்ன படிக்கிறார்கள், ஏன் படிக்கிறார்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போவார்களே, அதை யார் பிடுங்குவது? ஒரு மெஷினா? மூன்றாவது கண்ணாடி சரியாக அமைந்தே ஆகவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை வழக்கமான பஸ்ஸைத் தவறவிட்டு அவள் வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மெக்கானிக் வந்தார். நாற்காலி ஆடி நிற்பதற்குள், "தவழ்ந்துக்கிட்டே கவிதை படிக்கிறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். அவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். எழுத்து அட்டை முடிந்தது. எல்லாம் ஏற்கெனவே எடுத்த அதே அளவுதான், கடுகளவு மாறவில்லை. தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. பழக்கதோஷத்தில் நாவலை நீட்டினாள்.

அது படகுத்துறை விடுதி ஒன்றை நடத்தும் குடும்பத்தின் கதை. அறுநூறு பக்கத்துக்கு மேல். அதில் ஒரு சமையல்காரர் காது கேட்காதவர்போல நடித்துக்கொண்டே குடும்ப ரகசியம் அத்தனையையும் கேட்டுவிடுவார். ஏனக்காவுக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரே மூச்சாக எண்பது பக்கம் ஓட்டியிருந்தாள்.

மெக்கானிக் படிக்க ஆரம்பித்தார். "சமையல்காரரை அடக்கம் செய்துவிட்டு வந்த மூன்றாம் நாள்..." சட்டென்று நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"செத்துட்டாரா? எப்ப? வெள்ளிக்கிழமை நல்லாத்தானே இருந்தார்!"

ஏனக்கா கையிலிருந்த லென்சை மெதுவாகப் பெட்டியில் வைத்தாள். இந்தப் புத்தகம் நூலகத்தில் ஒரே ஒரு பிரதி. இரண்டு மாதமாக அவளிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவள் எங்கே நிறுத்தினாள்? பஸ்ஸில். சமையல்காரர் உயிரோடு, மீன் வெட்டிக்கொண்டிருந்த இடத்தில்.

"சார்" என்றாள். "வெள்ளிக்கிழமை நல்லா இருந்தார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை நூறு முறை வெளியே எடுத்தவர், தான் மாட்டிக்கொண்டதும் திணறிப் போனார். சோதனைக்கு மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். பிறகு கொட்டிவிட்டார்.

"காலையில ஏழு நாப்பது பஸ். நீங்க இடது பக்கம், நாலாவது சீட், ஜன்னலோரம். நான் அதுக்குப் பின்சீட்டு. முதல்ல சும்மா கண்ணு போச்சு மேடம். சத்தியமா சும்மாதான். நீங்க புத்தகத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பீங்க, வெளிச்சம் நல்லா விழும். அப்புறம் விட முடியல. இப்ப கொஞ்ச நாளா எழுத்து மங்குது. அதான் கண்ணாடி போடலாம்னு உள்ள வந்தா, எதிர்ல நீங்க நிக்கறீங்க. நின்னதும் இல்லாம, என்ன படிக்கிறீங்கன்னு கேக்கறீங்க. உங்க புத்தகத்தைத்தான்னு நான் எப்படிச் சொல்றது?"

"எவ்வளவு நாளா?"

"மூணு வருஷமா. பதினாலு புத்தகம்."

ஏனக்காவுக்கு முதலில் வந்தது கோபம். "என் தோளுக்கு மேல மூணு வருஷமா ஒருத்தர் ஓசியில படிச்சிருக்கார், எனக்குத் தெரியவே தெரியாது! இதுக்குப் பேரு என்ன சார்? உங்களால என் நாற்காலி போகப் போகுது, தெரியுமா உங்களுக்கு?" அண்ணன் சொன்னதை எல்லாம் படபடவென்று பொரிந்து தள்ளினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் "தப்புதான்" என்றார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறவரிடம் எவ்வளவு நேரம் கோபப்படுவது? கோபம் தீர்ந்துபோன இடத்தில் ஆவல் வந்து உட்கார்ந்துகொண்டது.

"சரி, நான் வீட்டுல படிக்கிற பக்கத்துக்கெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"நானே யோசிச்சு வச்சுக்குவேன். இந்த ஞாயித்துக்கிழமைகூட, சமையல்காரரும் விடுதிக்கார அம்மாவும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கன்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன். நீங்க என்னடான்னா அடக்கமே பண்ணிட்டீங்க."

ஏனக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்தியும் நிற்கவில்லை.

"அந்த மலையேறுற கதையைப் பாதியில விட்டுட்டீங்க" என்றார் அவர், கொஞ்சம் தைரியம் வந்தவராக. "எனக்கு ரொம்ப வருத்தம்."

"போர் அடிச்சுது."

"எனக்குப் பிடிச்சிருந்துச்சு. இன்னும் அந்தக் கயித்துலயே தொங்கிட்டிருக்காங்க."

அப்போதுதான் ஏனக்கா தன் கேள்வியைக் கேட்டாள். இருபத்தொரு வருஷமாகக் கேட்ட கேள்விதான். ஆனால் இந்த முறை அவள் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது. "ஏன்? நூலகத்துல எடுத்து முழுசாப் படிச்சிருக்கலாமே?"

"எடுத்தேன் மேடம். ஒண்ணே ஒண்ணு. வீட்டுல தனியா உக்காந்து படிச்சேன். நல்லாவே இல்ல." அவர் தன் கிரீஸ் விரல்களைப் பார்த்தார். "சிரிப்பு வர்ற இடத்துல உங்க தோள் குலுங்கும். சோகமான இடம்னா ஜன்னல் பக்கம் திரும்பிட்டு, ரெண்டு ஸ்டாப் கழிச்சுத்தான் பக்கத்தைத் திருப்புவீங்க. அதெல்லாம் இல்லாம எனக்குப் படிக்க வரல."

ஏனக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது. என்ன செய்வதென்று தெரியாதபோது எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். வேலையைப் பார்த்தாள். அவரை எழுப்பி, ஆடும் நாற்காலியில் தான் உட்கார்ந்து, அதற்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு அவரை உட்காரச் சொன்னாள். பஸ்ஸில் பிடிப்பதுபோலப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தாள். அளவு நாடாவை அவர் கையில் கொடுத்து, மூக்குத் தண்டிலிருந்து பக்கம் வரை அளக்கச் சொன்னாள்.

"இருபத்தேழு அங்குலம்" என்றது கழுத்துக்குப் பின்னால் ஒரு குரல்.

பாதி பவரைக் குறைத்துப் போட்டாள். அவர் அவள் தோளுக்கு மேலாகக் கடகடவென்று படிக்க ஆரம்பித்தார். படிப்பதும் சிரிப்பதுமாக இருவரும் நாலு பக்கம் தாண்டியபோது அண்ணன் எட்டிப் பார்த்தார். தங்கை சோதனை நாற்காலியில், சோதனைக்கு வந்தவர் தங்கைக்குப் பின்னால்.

"என்னம்மா இது?"

"புது முறை" என்றாள் ஏனக்கா திரும்பாமலே.

வியாழக்கிழமை கண்ணாடி தயாராகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஏழு நாற்பது பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து, "முத்து முத்தாத் தெரியுது மேடம்" என்று ஒரு தகவல் வந்தது. நாற்காலி தப்பித்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நாற்காலியால் வந்த சந்தோஷம்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அதன்பிறகு வீட்டில் ஒரு வரி படிப்பதில்லை. படித்தால் பின்சீட்டுக்காரருக்குக் கதையில் ஓட்டை விழுமே! ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டுவாள். பூட்டிவிட்டுப் பீரோவைச் சுற்றிச் சுற்றி வருவாள். பஸ்ஸில் பக்கம் முடிந்ததும் விரலைத் தூக்குவாள். பின்னால் ஒரு இருமல் கேட்டால் திருப்பலாம் என்று அர்த்தம். ஒருநாள் அவருக்கு நிஜமாகவே இருமல். ஒன்பது பக்கம் மடமடவென்று ஓடிவிட்டது, அப்புறம் திரும்பி வந்து படிக்கவேண்டியதாயிற்று.

மூன்றாவது வாரம், நானூற்றுப் பதினேழாம் பக்கம். விடுதிக்கார அம்மா பூட்டிக்கிடந்த சமையலறையைத் திறக்கிறாள். உள்ளே அடுப்பு எரிகிறது. செத்துப்போனதாக ஊரை நம்பவைத்துவிட்டு, சமையல்காரர் சாவகாசமாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறார். "ஐயோ, சாகல!" என்று பின்சீட்டிலிருந்து ஒரு கத்தல். முன்சீட்டிலிருந்தும் அதே நேரம் அதே கத்தல். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யார் சாகவில்லை என்று டிரைவர் கேட்டார்.

ஏனக்கா எழுந்தாள். பையை எடுத்தாள். பின்சீட்டுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகத்தை இருவர் மடிக்கும் நடுவில் விரித்தாள்.

உட்காரும்போதே அவளுக்குத் தெரியும். தூரம் பதினாறு அங்குலமாகிவிட்டது. இருபத்தேழு அங்குலக் கண்ணாடி இனி உதவாது. இருபத்தொரு வருஷ அனுபவம் இதைக்கூடச் சொல்லாதா? தெரிந்தேதான் உட்கார்ந்தாள்.

அவர் இரண்டு வரி படிக்கப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி அவசரமாகப் பைக்குள் போட்டார். "பரவாயில்ல, நான் சமாளிச்சுக்கறேன். கடைப் பக்கமே வரமாட்டேன். உங்க நாற்காலி..."

"தப்பான கண்ணாடியோட என் கடையிலேருந்து யாரும் போனதில்ல" என்றாள் ஏனக்கா. "கண்ணு வலிக்கும். என்கூட இறங்குங்க."

இறங்கினார்கள். கண்ணாடியைக் கையில் பிடித்தபடி மெக்கானிக் படியேறுவதை அண்ணன் பார்த்தார். விசிறுவதை நிறுத்தினார்.

"மூணாவது தடவை" என்றார்.

"ஆமாண்ணா" என்றாள் தங்கை. "இந்தத் தடவை தப்பு என்னோடது. நான் சீட் மாறிட்டேன்."

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏனக்கா சோதனை அறைக்குள் போய் இழுப்பறையைத் திறந்து, முதன்முதலில் செய்து கொடுத்துத் திரும்பி வந்திருந்த அந்தப் பதினாறு அங்குலக் கண்ணாடியை எடுத்தாள். துடைத்து மாட்டிவிட்டு, நாவலைக் கையில் கொடுத்தாள். அவர் அடுப்பு எரிகிற இடத்திலிருந்து கணீரென்று படித்தார்.

"இது முதல்ல குடுத்ததாச்சே!" என்றார் அண்ணன். "அப்ப சரியில்லன்னார். இப்ப எப்படிச் சரியாச்சு?" நீலச் சட்டையைப் பார்த்தார், தங்கையின் முகத்தைப் பார்த்தார். வாயெல்லாம் பல்லாக நின்றாள் அவள். நாற்பத்தாறு வயதில் தங்கை இப்படி நின்று அவர் பார்த்ததில்லை. "நீ எதுக்கு சீட் மாறின? ஏன்?"

ஊரையெல்லாம் ஏன் ஏன் என்று துளைத்தெடுத்தவள் பதிலுக்கு நோட்டை எடுத்து விரித்தாள். பவர் எழுதினாள். தூரம் பதினாறு என்று எழுதினாள். 'என்ன' கட்டத்தில் 'என் புத்தகம்' என்று எழுதினாள். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

மெக்கானிக் பேனாவை வாங்கினார். விரலைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, குனிந்து, அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எழுத்தை இடித்துப் பிடித்து எழுதினார்: 'பக்கத்தைத் திருப்பும் முன் என்னைக் கேட்பதால்.'

அண்ணன் அதை இரண்டு முறை படித்தார். மூக்கை உறிஞ்சினார். பிறகு கையிலிருந்த பளபளப்புத் தாளை நாலாக மடித்து, மறுபடியும் நாலாக மடித்து, முட்டி போட்டு உட்கார்ந்து, சோதனை நாற்காலியின் குட்டைக் காலுக்கு அடியில் சொருகினார். கையால் அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை.

"உக்காருங்க சார்" என்றார். "மீதியையும் சத்தமாப் படிங்க. அந்த சமையல்காரர் யாரு, எதுக்குச் செத்த மாதிரி நடிச்சார்?"